கிராபிக்ஸ் இயக்கியை விசாரித்த பிறகே அட்டையை வாங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்ட நிலையில், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் பழைய மேசைக் கணினிகளைத் தூக்கி எறியாமல் லைனக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாற்றிப் பயன்படுத்தலாம் என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பல ஆண்டுகளாக மற்றவர்களுக்கு லைனக்ஸ் கணினிகளை அமைத்துக் கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்தக் கட்டுரையின் நோக்கத்தை முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால், கிராபிக்ஸ் அட்டைக்கான இயக்கியை, அதாவது அட்டையை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருளை, தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து பதிவிறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும் என்றும், லைனக்ஸோடு வரும், மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல இயக்கி தற்காலிகத் தேவைக்கு மட்டுமே உதவும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. இந்த அறிவுரையை அப்படியே பின்பற்றும் வாசகர்களில் பலர் அடுத்த மாதமே கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

விண்டோஸில் அது சரியான அறிவுரைதான். அங்கே இயக்கியை எழுதுவதும் வெளியிடுவதும் தயாரிப்பாளரின் வேலை. லைனக்ஸில் அடிப்படை ஏற்பாடே வேறு. கிராபிக்ஸ் இயக்கி என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதல் பகுதி, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்துகொண்டு அட்டையின் நினைவகம், மின்பயன்பாடு, கடிகார வேகம், திரைகள் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறது. இரண்டாம் பகுதி, ஒரு விளையாட்டோ உலாவியோ ஓபன்ஜிஎல் அல்லது வல்கன் என்ற வரைகலை இடைமுகங்கள் வழியாகக் கேட்பதை, அந்தக் குறிப்பிட்ட அட்டைக்குப் புரியும் ஆணைகளாக மாற்றித் தருகிறது. திறமூல இயக்கிகளைப் பொறுத்தவரை, முதல் பகுதி லைனக்ஸ் கெர்னலின் மூல நிரலுக்குள்ளேயே வளர்கிறது; இரண்டாம் பகுதி, பிரையன் பால் 1993இல் தொடங்கிய மெசா என்னும் திட்டத்தில் வளர்கிறது. இரண்டுமே உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்ற எந்த வழங்கலை (லைனக்ஸின் தொகுக்கப்பட்ட வடிவத்தை) நிறுவினாலும் அதோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. நாம் தனியாக எதையும் தேடிப் போக வேண்டியதில்லை.

இதில் முக்கியமான ஒரு விஷயம், கெர்னலும் இயக்கிகளும் பேசிக்கொள்ளும் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல என்பது. அவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கெர்னல் நிரலாளர்கள் திட்டமிட்டே தங்களிடம் வைத்திருக்கிறார்கள். இடைமுகத்தை மாற்றுபவர், கெர்னலின் மூல நிரலுக்குள் இருக்கும் எல்லா இயக்கிகளையும் அதற்கேற்பத் தாமே திருத்திவிடுவார். கெர்னலுக்கு வெளியே இருக்கும், மூல நிரலை நிறுவனம் மூடி வைத்திருக்கும் தனியுரிம இயக்கியை அவரால் திருத்த முடியாது. அதை எழுதிய நிறுவனம்தான் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் பின்னால் ஓடி வந்து திருத்த வேண்டும். நிறுவனத்துக்கு அக்கறை இருக்கும்வரை அது நடக்கும். தனியுரிம இயக்கி ஏற்றப்பட்ட கெர்னல் தன்னைத் தானே கறைபட்டது என்று குறித்துக்கொள்கிறது என்பதும், அந்தக் குறி உள்ள கணினியிலிருந்து வரும் பிழை அறிக்கைகளைக் கெர்னல் நிரலாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை என்பதும் இதன் தொடர்ச்சிதான். தங்களால் படிக்க முடியாத நிரல் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது, கோளாறு எங்கே என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்?

நடைமுறையில் இது எப்படி வெளிப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கோப்பைப் பதிவிறக்கி, நிர்வாகி அனுமதியோடு ஓட்டி, என்விடியா இயக்கியை ஒருவர் நிறுவிவிடுகிறார். அன்றைக்கு எல்லாம் அருமையாக இருக்கும். சில வாரங்கள் கழித்து, வழக்கமான பாதுகாப்புப் புதுப்பித்தலோடு புதிய கெர்னல் வருகிறது. இயக்கியின் கெர்னல் பகுதி பழைய கெர்னலுக்காகக் கட்டப்பட்டது. புதியதில் அது ஏறாது. கணினியை மறுபடியும் இயக்கினால் உள்நுழைவுத் திரைக்குப் பதிலாக, இடது மூலையில் கண் சிமிட்டும் ஒரு சிறு கோடு மட்டும் நிற்கும். வழங்கலின் களஞ்சியத்திலிருந்து, அதாவது அதன் சொந்த மென்பொருள் இருப்பிலிருந்து, அதே இயக்கியை நிறுவியிருந்தால், கெர்னலோடு சேர்த்து அதற்குரிய பகுதியும் புதுப்பிக்கப்பட்டிருக்கும், அல்லது டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைப் பின்னணியில் தானாகவே கட்டியிருக்கும். இயக்கி ஒன்றே என்றாலும், அது வந்து சேரும் வழியைப் பொறுத்தே பாதித் தொல்லை அமைகிறது.

கையொப்பமில்லாத நிரலைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளியிலிருந்து வரும் கெர்னல் பகுதி கையொப்பமிடப்பட்டிருந்தால்தான் ஏற்கப்படும். அதற்காக, நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த முறை கணினியை இயக்கும்போது நீல நிறத்தில் ஒரு திரை வரும். அந்தக் கையொப்பத்துக்கான சாவியைப் பதிவு செய்வதற்கான தேர்வு அங்கேதான் இருக்கிறது, சில நொடிகள் மட்டும். அது ஏதோ பிழைச் செய்தி என்று நினைத்துத் தாண்டிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இயக்கியை மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டிருப்பார்கள்; கெர்னல் ஒவ்வொரு முறையும் அதை மறுத்துக்கொண்டிருக்கும். கெர்னலோடு வரும் திறமூல இயக்கிக்கு இந்தச் சடங்கே கிடையாது, கெர்னலைக் கையொப்பமிடும்போதே அதுவும் கையொப்பமாகிவிடுகிறது.

அடுத்து, திறமூல இயக்கி என்றாலே மெதுவானது என்ற எண்ணம். இது ஒரு காலத்தில் உண்மை, இன்று அட்டையைப் பொறுத்து முற்றிலும் மாறிப்போன ஒன்று. இன்டெல் கிராபிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேசைக் கணினி லைனக்ஸில் அதற்குத் திறமூல இயக்கியே தயாரிப்பாளரின் இயக்கி. ஏஎம்டியின் கதைதான் கவனிக்கத்தக்கது. 2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டி, 2007இல் தன் அட்டைகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிட்டுத் திறமூல இயக்கிக்கு உதவப்போவதாக அறிவித்தது. பல ஆண்டுகள் அந்தத் திறமூல இயக்கியும் தனியுரிம இயக்கியும் அருகருகே இருந்தன. அந்தத் தனியுரிம இயக்கியோடு போராடிய தலைமுறைக்கு அதன் பெயரைக் கேட்டாலே இன்றும் எரிச்சல் வரும். 2015இல் 4.2 கெர்னலோடு ஏஎம்டிஜிபியு என்ற புதிய கெர்னல் இயக்கி வந்தது. 2016இல் டேவ் ஏர்லியும் பாஸ் நியூவென்ஹைசனும் தயாரிப்பாளருக்காகக் காத்திராமல் ராட்வி என்ற வல்கன் இயக்கியை மெசாவில் தொடங்கினார்கள். ஏஎம்டி தன்னுடைய சொந்த வல்கன் இயக்கியை 2017 இறுதியில்தான் திறமூலமாக வெளியிட்டது. அதற்குள் ராட்வி வேரூன்றிவிட்டிருந்தது. கணினி விளையாட்டு நிறுவனமான வால்வ், விளையாட்டின் நிழலாக்க நிரல்களை அட்டைக்கான ஆணைகளாக மாற்றும் ஏசிஓ என்ற தொகுப்பியை ராட்விக்காக எழுதியது. 2022இல் வந்த அதன் கைவிளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக் இந்த இயக்கியின் மேல்தான் ஓடுகிறது. கடைசியில், 2025இல், ஏஎம்டி தன் சொந்த இயக்கியை நிறுத்திவிட்டு ராட்வியையே ஆதரிப்பதாக அறிவித்தது. வெளியாட்கள் எழுதிய இயக்கி, அட்டையைச் செய்த நிறுவனத்தின் இயக்கியையே இடம்பெயர்த்துவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றைத் தற்காலிகத் தேவைக்கானது என்று எழுதுவது பெரும் உழைப்பை அறியாமல் சொல்லும் சொல்.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆயுள். ஏஎம்டியின் ஜிசிஎன் கட்டமைப்பில் முதல் தலைமுறை அட்டைகள் 2012 வாக்கில் விற்பனைக்கு வந்தவை. விண்டோஸுக்கான இயக்கிகளில் அவற்றுக்கான வழக்கமான ஆதரவை 2021இல் அந்த நிறுவனம் முடித்துக்கொண்டது. லைனக்ஸில் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. உயிரோடு இருப்பது மட்டுமல்ல, முன்னேறவும் செய்கின்றன. இவ்வளவு காலம் பழைய ரேடியான் கெர்னல் இயக்கியில் ஓடிக்கொண்டிருந்த அந்த அட்டைகள், வால்வின் லைனக்ஸ் குழுவைச் சேர்ந்த நிரலாளர் ஒருவரின் உழைப்பால், 6.19 கெர்னலில் புதிய ஏஎம்டிஜிபியு இயக்கிக்கு இயல்பாகவே மாறின. அதனால் வல்கனும் அவற்றுக்குக் கைகூடியது. தயாரிப்பாளர் கைவிட்ட ஒரு பொருளை வேறொருவர் எடுத்து மேம்படுத்தினார் என்றால், அதற்குத் தேவையான மூல நிரல் எல்லோர் கையிலும் இருந்ததுதான் காரணம். பழைய கணினிகளைக் காப்பாற்றுவதே தங்கள் கட்டுரையின் நோக்கம் என்பதால், இந்த ஓர் எடுத்துக்காட்டு மற்ற எல்லா அளவீடுகளையும்விட அதற்குப் பொருத்தமானது என்று கருதுகிறேன்.

என்விடியாவுக்கு வருகிறேன். பெரும்பாலான வாசகர்களிடம் இருப்பது அந்த நிறுவனத்தின் அட்டையாகத்தான் இருக்கும், குழப்பமும் அங்கேதான் அதிகம். என்விடியா அட்டைகளுக்கான நூவோ என்ற திறமூல இயக்கி, நிறுவனத்தின் உதவியில்லாமல், அட்டை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனித்துக் கவனித்து எழுதப்பட்டது, 2010இல் 2.6.33 கெர்னலில் சேர்ந்தது. அது மெதுவானது என்று சொல்வோர், ஏன் மெதுவானது என்று சொல்வதில்லை. ஒரு கிராபிக்ஸ் அட்டை இயங்கத் தொடங்கும்போது குறைந்த கடிகார வேகத்தில்தான் இருக்கும். வேலை வரும்போது இயக்கிதான் அதை உயர்த்த வேண்டும். 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, அந்த வேகத்தை உயர்த்தும் பொறுப்பை நிறுவனத்தின் கையொப்பமிட்ட ஃபர்ம்வேருக்கு (அட்டைக்குள்ளேயே ஓடும் நிரலுக்கு) மட்டுமே அட்டை ஒப்படைத்தது. நூவோவுக்குப் பயன்படக்கூடிய வகையில் அந்த ஃபர்ம்வேர் வெளியிடப்படவில்லை. ஆகவே, அந்த அட்டைகள் நூவோவின் கீழ், வாங்கிய வலிமையில் ஒரு பகுதியோடு, தொடக்க வேகத்திலேயே கிடக்கின்றன. இது நிரலாளர்களின் திறமைக் குறைவால் வந்ததன்று. பூட்டைப் போட்டவர் ஒருவர், பழியைச் சுமப்பவர் வேறொருவர் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

2022 மே மாதத்தில் நிலைமை பாதி மாறியது. என்விடியா தன் இயக்கியின் கெர்னல் பகுதியை எம்ஐடி, ஜிபிஎல் என்ற திறமூல உரிமங்களில் திறந்துவிட்டது. 2024இல் வந்த 560 வரிசை இயக்கியிலிருந்து, பொருத்தமான அட்டைகளுக்கு அந்தத் திறந்த பகுதியையே முதல் தேர்வாக்கியது. புதிய பிளாக்வெல் அட்டைகளுக்கு மூடிய கெர்னல் பகுதியே கிடையாது. இதை வரவேற்கிறேன், கெர்னல் புதுப்பித்தலின்போது வரும் தொல்லைகளைப் புரிந்துகொள்ளவும் சரிசெய்யவும் இது உதவுகிறது. ஆனால் பொட்டலத்தின் பெயரில் திறந்தது என்று இருப்பதைப் பார்த்து, ஏஎம்டி இயக்கியைப் போன்றதுதான் இதுவும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஓபன்ஜிஎல், வல்கன், என்விடியாவின் கணிப்புத் தளமான குடா ஆகியவற்றை நடத்தும் இரண்டாம் பகுதி இன்றும் மூடியதே. கெர்னல் பகுதி முன்பு செய்த வேலைகளில் பெரும்பகுதி, அட்டைக்குள்ளேயே இருக்கும் ஜிஎஸ்பி என்ற தனிச் செயலியின் ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது, அதுவும் மூடியது. இந்தத் திறந்த பகுதி, 2018இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டுமே பொருந்தும்.

இங்கேதான் பழைய கணினி வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 2016இல் வந்து பெரும் எண்ணிக்கையில் விற்ற ஜிடிஎக்ஸ் 1060, 1070, 1080 அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஆதரிக்கும் கடைசித் தனியுரிம இயக்கி 580 வரிசை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. திறந்த கெர்னல் பகுதி அவற்றுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவற்றில் ஜிஎஸ்பி இல்லை. நூவோ ஓடும், ஆனால் கடிகார வேகத்தை உயர்த்த முடியாது. மூன்று வாசல்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படுகின்றன. ஆர்ச் லைனக்ஸ் 2025 டிசம்பரில் 590 வரிசைக்கு மாறியபோது, இந்த அட்டை வைத்திருந்தவர்கள் 580ஐத் தனியே தேடி நிறுவிக்கொள்ள வேண்டியதாயிற்று. நீண்டகால ஆதரவு கொண்ட வழங்கல்களில் 580 இன்னும் சில காலம் கிடைக்கும். அதற்குப் பிறகு வரும் கெர்னல்களுக்கு அதை யார் திருத்தித் தருவார்கள்? அட்டையில் எந்தக் கோளாறும் இருக்காது, விசிறி சுற்றும், படம் தெரியும். அதை இயக்கத் தெரிந்த நிரல் மட்டும் ஒரே ஒரு நிறுவனத்தின் பெட்டியில் பூட்டிக் கிடக்கும்.

டூரிங்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளும் வைத்திருப்பவர்களுக்கு நம்பிக்கையான செய்தி இருக்கிறது. 2022இல் தொடங்கிய என்விகே என்ற வல்கன் இயக்கி மெசாவுக்குள் வளர்ந்து, 2024இல் வந்த மெசா 24.1இலிருந்து முறையாகப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஜிஎஸ்பி ஃபர்ம்வேரைப் பயன்படுத்தி அட்டையை முழு வேகத்துக்குக் கொண்டுபோக நூவோவாலும் இப்போது முடிகிறது. நூவோவுக்கு அடுத்ததாக, ரஸ்ட் மொழியில் நோவா என்ற புதிய கெர்னல் இயக்கி எழுதப்பட்டு வருகிறது. இவை இன்றைக்கே தனியுரிம இயக்கியின் வேகத்தை எல்லா இடத்திலும் தொட்டுவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். உலாவி, அலுவலக வேலை, காணொளி, ஓரளவு விளையாட்டு என்ற அளவில் இருப்பவர் ஒருமுறை முயன்று பார்க்கலாம். கடுமையாக விளையாடுபவர் தனியுரிம இயக்கியோடு இருப்பதே இப்போதைக்கு நல்லது.

தனியுரிம இயக்கியைத் தவிர வேறு வழியில்லாத வேலைகளும் இருக்கின்றன, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. 2007இல் வந்த குடாவைச் சுற்றி இயந்திரக் கற்றல், அறிவியல் கணிப்பு, முப்பரிமாண ஆக்கம் எனப் பெரிய உலகமே கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்றான ஏஎம்டியின் ராக்எம் வளர்ந்து வந்தாலும், குடாவை நம்பி எழுதப்பட்ட மென்பொருளைத் தொழிலுக்காகப் பயன்படுத்துபவரிடம், கொள்கைக்காக அதை விட்டுவிடுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

திறமூலத்துக்கும் அதற்கே உரிய குறைகள் உண்டு. ஹெச்டிஎம்ஐ 2.1க்கான ஆதரவைத் தன் திறமூல இயக்கியில் சேர்க்க ஏஎம்டி முன்வந்தபோது, அந்தத் தரத்தை நிர்வகிக்கும் அமைப்பு 2024இல் அனுமதி மறுத்தது. எனவே, 4கே தொலைக்காட்சியை நொடிக்கு 120 படங்கள் என்ற வேகத்தில் முழுத் தரத்தோடு ஹெச்டிஎம்ஐ வழியாக இணைக்க நினைப்பவர் ஏமாறலாம். டிஸ்பிளேபோர்ட் உள்ள திரையில் அந்தத் தடை இல்லை. காப்புரிமைச் சிக்கலை அஞ்சி, ஹெச்.264, ஹெச்.265 காணொளிகளுக்கான வன்பொருள் உதவியைத் தன் மெசாவிலிருந்து ஃபெடோரா 2022இல் எடுத்துவிட்டது. வெளிக் களஞ்சியம் ஒன்றிலிருந்து அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏஎம்டி அட்டைகளுக்கும் மூடிய ஃபர்ம்வேர் தேவை. அதனால்தான், மூடியதைச் சேர்ப்பதில்லை என்பதில் நெடுங்காலம் உறுதியாக இருந்த டெபியன்கூட 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, அடுத்த ஆண்டு வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அத்தகைய ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்த்தது. இயக்கி கெர்னலுக்குள்ளேயே இருப்பதன் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது: இந்த மாதம் வெளியான அட்டைக்குப் புதிய கெர்னலும் புதிய மெசாவும் வேண்டும், ஓராண்டுக்கு முந்தைய கெர்னலோடு வரும் வழங்கலில் அது சரியாக எழாமலே போகலாம்.

வேலாண்டு பற்றியும் ஒரு சொல். லைனக்ஸ் மேசைச் சூழல்கள், திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ் சர்வரை விட்டுப் புதிய ஏற்பாடான வேலாண்டுக்கு மாறியபோது, மெசா இயக்கிகள் எல்லாம் ஜிபிஎம் என்ற பொது வழியில் போக, என்விடியா மட்டும் தனி வழியில் நின்றது. 2021இல் 495 வரிசை இயக்கியில்தான் அது பொது வழிக்கு வந்தது; திரை மினுக்கத்தைத் தீர்க்கும் வெளிப்படையான ஒத்திசைவு 2024இல் 555 வரிசையோடுதான் வந்து சேர்ந்தது. ஒரே நிறுவனத்தின் முடிவுக்காக ஏராளமானோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஆகவே, ஏற்கனவே அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் பக்கம் சொல்ல வேண்டிய அறிவுரை வேறாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏஎம்டி, இன்டெல் அட்டை என்றால் எதையும் பதிவிறக்க வேண்டாம், கணினியை அவ்வப்போது புதுப்பித்தாலே போதும். என்விடியா அட்டை என்றால் முதலில் அது எந்தத் தலைமுறை என்று பார்த்துவிட்டு, வழங்கலின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தோ அந்த வழங்கல் பரிந்துரைக்கும் களஞ்சியத்திலிருந்தோ உரிய இயக்கியை நிறுவிக்கொள்ள வேண்டும். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை வைத்திருப்பவர்கள் 580 வரிசையைத் தரும், நீண்டகால ஆதரவுள்ள வழங்கலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எந்த இயக்கியானாலும், பழைய கெர்னல் ஒன்றைத் தொடக்கப் பட்டியலில் விட்டுவைத்தால், புதியது மக்கர் செய்யும் நாளில் அதிலிருந்து உள்ளே போய்விடலாம்.

புதிதாகவோ பயன்படுத்திய நிலையிலோ அட்டை வாங்கப்போகிறவர்களுக்குத்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. அட்டையை வாங்கிக் கணினியில் பொருத்திய பிறகு திறமூலமா தனியுரிமமா என்று யோசிப்பதில் பயன் குறைவு. அந்த முடிவு பெரும்பாலும் பணம் கொடுத்த அன்றே எடுக்கப்பட்டுவிடுகிறது. குடா தேவைப்படாதவர் எட்டு, பத்து ஆண்டுகள் ஒரே அட்டையை வைத்திருக்க நினைத்தால், முழு இயக்கியும் திறந்திருக்கும் அட்டையை வாங்குவதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

தங்கள் பக்கத்தில் புதிய கிராபிக்ஸ் அட்டைகளின் மதிப்பீடுகள் தொடர்ந்து வெளிவருகின்றன. நொடிக்கு எத்தனை படங்கள், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு சூடு என்ற விவரங்களோடு, அந்த அட்டைக்கு லைனக்ஸில் எந்த இயக்கி இருக்கிறது, அதில் எந்தப் பகுதி திறந்தது, எந்தக் கெர்னல் பதிப்பிலிருந்து இயங்கும் என்ற மூன்று விவரங்களையும் இனிமேல் சேர்த்து வெளியிடுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்